பாக்கி வேறு, சாவி வேறு: மலையக நகரங்களில் வாடகைத் தகராறு ஏன் நீள்கிறது?

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நெருங்கும்போது வாடகைச் சண்டைகளும் கூடவே வந்துவிடும். மாத வாடகைக்கு விட்ட வீட்டை அந்த இரண்டு மூன்று வாரம் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விட்டால் கை நிறையக் காசு. ஜனவரியில் வாடகைக்காரர் மூவாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தது வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நினைவுக்கு வரும். ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கம் கதை வேறு. அங்கே கடைக்காரருடைய வியாபாரம் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி நடக்கிறது. சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும், கடை வாடகையோ முதலாம் திகதி. இந்தப் பத்து நாள் இடைவெளி நல்ல காலத்தில் யாருக்கும் தெரிவதில்லை. கொழுந்து குறைந்து பேர் (வேலை நாட்கள்) குறையும் மாதத்தில் அது ஒரு மாதப் பாக்கியாகிறது. அடுத்த மாதம் இரண்டாகிறது.

காரணம் எதுவானாலும் சண்டை முற்றியபின் இரண்டு பக்கமும் பேசும் பேச்சு ஒன்றுதான். "பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டை விடு" என்பார் வீட்டுக்காரர். "அட்வான்ஸைத் தா, போகிறேன்" என்பார் குடியிருப்பவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன: வாடகைப் பாக்கி, வீட்டைக் காலி செய்வது, முற்பணம். மூன்றுக்கும் சட்டம் வேறு, காலம் வேறு, போக வேண்டிய இடமும் வேறு. ஒன்றை மற்றதற்குப் பணயமாக வைப்பதால்தான் மூன்று மாதத்தில் முடிய வேண்டியது மூன்று வருடத்துக்கு இழுபடுகிறது.

ஆகவே வீட்டுக்காரர் தன்னையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தனக்குக் காசு வேண்டுமா, வீடு வேண்டுமா என்பது. இரண்டும் வேண்டும் என்பதுதான் எல்லோருடைய பதிலும். எது முதலில் என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

எந்தச் சட்டம் உங்கள் வீட்டுக்கு?

இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு யுத்த காலத்தில் பிறந்தது. 1942 இல் ஒரு கட்டளைச் சட்டம், பிறகு 1948 இல் ஒரு சட்டம், கடைசியாக 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம். அடுத்த வருடமே, 1973 இல், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் அளவுக்கு மேல் வைத்திருந்த வீடுகளை அரசு எடுத்துக்கொள்ள, அதில் வாடகைக்கு இருந்தவர்களே அவற்றை விலைக்கு வாங்கும் வழி திறந்தது. கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நாலைந்து வீடு வைத்திருந்த குடும்பங்கள் அந்தப் பயத்தை இன்னும் மறக்கவில்லை. பற்றுச்சீட்டு தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரரைப் பார்த்து வரி கட்டப் பயப்படுகிறார் என்று நினைக்கிறோம். அதுவும் இருக்கலாம். ஆனால் "எழுதிக் கொடுத்தால் வீடு அவனுக்கே போய்விடும்" என்ற தாத்தா காலத்துப் பயமும் அதற்குள் இருக்கிறது.

அந்தப் பயம் இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது. 1980 ஜனவரிக்குப் பிறகு கட்டி வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் 1972 சட்டத்துக்கு வெளியே வந்துவிட்டன. ஹற்றன் டிக்கோயா பக்கமோ பண்டாரவளையிலோ சமீபத்தில் எழும்பிய இரண்டு தட்டு வீட்டில் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது. அவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே இருப்பது ஒப்பந்தமும், அதற்கு அடியில் நம் நாட்டுப் பொதுச் சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டமும்தான். ஆனால் பஜாரில் பாட்டன் காலத்திலிருந்து ஒரே குடும்பம் நடத்தும் பழைய கடை, நகர சபை எல்லைக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு போன்றவை இன்னமும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கலாம். கடை என்றால் அதன் வருடாந்த மதிப்பீட்டுப் பெறுமதியையும் பார்க்க வேண்டும். மதிப்பீட்டு வரிப் பதிவு நகர சபையிலோ மாநகர சபையிலோ கிடைக்கும். வக்கீலிடம் போவதற்கு முன் இதைப் பார்த்து வைப்பது நல்லது.

சட்டத்துக்குள் வரும் கட்டடமென்றால் வாடகைக்காரருக்குப் பெரிய பலம் உண்டு. ஒரு மாதம் தவறிய கையோடு வழக்குப் போட முடியாது. பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற நினைக்கும் வீட்டுக்காரர், முதல் தடவை பாக்கி விழுந்ததென்றால் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இரண்டாம் தடவைக்கு இரண்டு மாதம், மூன்றாம் தடவையும் அதற்குப் பிறகும் ஒரு மாதம். வழக்கு விழும் முன் பாக்கி முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் பாக்கியை வைத்து வெளியேற்ற முடியாது.

இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால், அதை உள்ளூராட்சிச் சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் கட்டலாம். அது வீட்டுக்காரரிடமே கொடுத்ததற்குச் சமம். வாடகையை வாங்காமல் மாதக்கணக்கில் விட்டு, பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். அந்தத் தந்திரத்துக்குப் பதிலடி நகர சபைக் கவுண்டரில் கிடைக்கும் ஒரு பற்றுச்சீட்டு. கடை வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் இதை அறியாமல் "அவர் வாங்க மாட்டேன் என்றார், நான் என்ன செய்ய" என்று கையை விரிக்கிறார்கள்.

ஒரு வருட எழுத்து, ஒரு மாதக் குடியிருப்பு

பெரும்பாலான வீடுகள் 1972 சட்டத்துக்கு வெளியே இருப்பதால் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். நகரத்துப் புத்தகக் கடையில் அச்சடித்த வாடகைப் படிவம் விற்கும். அதில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நிரப்பி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்கிறது. அப்படி எழுதாத ஒரு வருட ஒப்பந்தம் ஒரு வருடக் குத்தகையாகாது. அங்கே இருப்பது மாதாந்த வாடகைக் குடியிருப்பு மட்டுமே. அதற்காக அந்தத் தாள் வெறும் கடுதாசி என்றும் நினைக்க வேண்டாம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு அது நல்ல சாட்சி.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். "இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை எழுப்ப முடியாது" என்று வாடகைக்காரர் சொல்ல முடியாது. "இடையில் போனால் மீதி எட்டு மாத வாடகையும் கட்டு" என்று வீட்டுக்காரரும் கேட்க முடியாது. மாதாந்தக் குடியிருப்பை முடிக்க ஒரு முழு மாத நோட்டீஸ் வேண்டும், அது வாடகை மாதத்தின் முடிவோடு சேர்ந்து முடிய வேண்டும். பதினைந்தாம் திகதி கோபத்தில் "அடுத்த பதினைந்துக்குள் காலி பண்ணு" என்று எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் நிற்காது. நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டை வைத்துக்கொள்வது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழக்கம். வாட்ஸ்அப் செய்தி துணைச் சாட்சியாக இருக்கட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகைக்காரர் காசு கொண்டுவந்தால் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டுக்காரர்கள் தடுமாறுவார்கள். வாங்கி, வழக்கம்போல "வாடகை" என்று எழுதிக் கொடுத்தால், குடியிருப்புத் தொடர்கிறது என்று மறுபக்கத்துச் சட்டத்தரணி வாதிட இடம் கிடைக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தொகையை வீட்டைப் பாவித்ததற்கான நட்டஈடாகவே, தங்கள் உரிமைக்குப் பாதகமில்லாமல் பெற்றதாக எழுதிக் கொடுப்பார்கள். குடியிருப்பவர் பார்க்க வேண்டியது வேறு: கொடுக்கும் காசு எந்த மாதத்துக்கு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். நான்கு மாதப் பாக்கிக்கு நடுவே கொடுத்த பத்தாயிரம் எந்தக் கணக்கில் கழிந்தது என்று ஒரு வருடம் கழித்து இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது.

நொத்தாரிசு எழுதிய முறையான குத்தகை உள்ளவர்களுக்கு 2023 இல் ஒரு புதிய வாசல் திறந்தது. குத்தகைக்குக் கொடுத்த கட்டடங்களின் உடைமையை மீளப்பெறும் சட்டம், அந்த வருடத்தின் 1 ஆம் இலக்கச் சட்டம். குத்தகைக் காலம் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருப்பவரை வழமையான நீண்ட வழக்கு இல்லாமல் சுருக்க நடைமுறையில் வெளியேற்ற அது வழி செய்கிறது. எழுத்துக்குப் பயந்த வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இப்போது எழுத்துத்தான் வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறது. குடியிருப்பவருக்கும் எழுத்து வேண்டும். முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்தைக் காட்ட எது இருக்கிறது என்று தேடி அலைகிற பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

கடன் வசூலுக்கும் காலம் உண்டு. எழுத்தில்லாத வாடகைப் பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "அவன் நல்ல பையன், பிறகு தருவான்" என்று விட்ட பாக்கிகள் இப்படித்தான் செத்துப்போகின்றன.

பூட்டும் ஃபியூஸும்

பாக்கி கூடியதும் சிலர் செய்வது, ஆள் இல்லாத நேரம் பார்த்து இன்னொரு பூட்டுப் போடுவது. இன்னும் சிலர் ஃபியூஸைக் கழற்றுவார்கள், தண்ணீர்க் குழாயை மூடுவார்கள், கூரைத் தகரத்தையே கழற்றியவர்களும் உண்டு. குளிர் காலத்தில் மலையில் இது சாதாரண தண்டனை அல்ல. சட்டப்படி இது வீட்டுக்காரரை அடியோடு விழுத்தும். ஆளை வீட்டிலிருந்து எழுப்பும் அதிகாரம் நீதிமன்றக் கட்டளையோடு வரும் பிஸ்காலுக்கு, அதாவது கட்டளையை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரிக்கு, மட்டுமே உண்டு. பாக்கிக்காகச் சாமான்களைத் தடுத்து வைப்பதற்கும் நீதிமன்றத்திடம்தான் போக வேண்டும்.

1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இங்கே வருகிறது. காணி, வீடு தொடர்பான தகராறால் சமாதானம் குலையலாம் என்று தெரிந்தால் பொலிஸ் அதை நீதவானிடம் கொண்டுபோகலாம், பாதிக்கப்பட்டவரும் நேரே போகலாம். நீதவான் அங்கே வீடு யாருக்குச் சொந்தம், எவ்வளவு பாக்கி என்பதைத் தீர்மானிக்கப் போவதில்லை. யார் உடைமையில் இருந்தார், அதற்கு முன் இரண்டு மாதத்துக்குள் யாரைப் பலாத்காரமாக வெளியேற்றினார்கள் என்பதே அவருக்கு வேண்டும். பூட்டு உடைத்த வீட்டுக்காரர் பாக்கிக் கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். அதை யாரும் அங்கே திறந்து பார்க்க மாட்டார்கள். வெளியேற்றப்பட்டவருக்கும் அந்த இரண்டு மாதம் முக்கியம். சொந்தக்காரர் வீட்டில் தங்கி "பேசித் தீர்ப்போம்" என்று நாளைப் போக்கினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பொலிஸுக்கு முதலில் போவது நம்மவர் பழக்கம். முறைப்பாட்டைப் பதிந்து வைப்பதில் தவறில்லை, அடிதடி, மிரட்டல் என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் வாடகைப் பாக்கி சிவில் விவகாரம். அதை வசூலித்துத் தருவது பொலிஸின் வேலை அல்ல. நிலையப் பொறுப்பதிகாரி இரண்டு பேரையும் கூப்பிட்டு "இந்தத் திகதிக்குள் கொடு" என்று எழுதி வாங்கினாலும், வாடகைக்காரர் அந்தத் திகதியில் கொடுக்காவிட்டால் பொலிஸால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில்

உண்மையில் இத்தகைய சண்டைகளில் கணிசமானவை தீரக்கூடிய இடம் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. வார இறுதியில் ஒரு பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ கூடும். மூவர் கொண்ட குழு முன் இரண்டு பக்கமும் நேரே பேச வேண்டும், சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன், பாக்கி விவகாரங்களில் மத்தியஸ்த சபையைத் தாண்டாமல் நீதிமன்றம் போகவே முடியாது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கையில் இருந்தால்தான் வழக்கு. ஆரம்பத்தில் 25,000 ரூபாயாக இருந்த அந்த எல்லை பல தடவை உயர்த்தப்பட்டுவிட்டது. ஒரு வீட்டின் சில மாதப் பாக்கி பொதுவாக அதற்குள் அடங்கிவிடும்.

அங்கே எப்படித் தீர்கிறது என்பதைக் கற்பனையான ஒரு கணக்கோடு பார்க்கலாம். ஒரு ஆசிரியர் குடும்பம், மாத வாடகை 18,000, நான்கு மாதம் பாக்கி. வீட்டுக்காரர் கேட்பது 72,000. மூன்று மாத வாடகை 54,000 ஐ அட்வான்ஸாக வாங்கி வைத்திருக்கிறார், அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆசிரியர் சொல்கிறார்: அட்வான்ஸ் போனால் 18,000, மே மாத மழையில் கூரை ஒழுகியதைச் சரிசெய்ய நான் செலவழித்தது 12,000, ஆகவே நான் தர வேண்டியது 6,000. வீட்டுக்காரர் உடனே மின்சார பில் 7,000 ஐ எடுத்து மேசையில் போடுகிறார். பில் அவர் பெயரில் வருகிறது, பாவித்தது ஆசிரியர் வீடு.

சண்டை 72,000 க்கும் 6,000 க்கும் இடையே என்று தோன்றும். மத்தியஸ்தர்கள் ஒவ்வொன்றையும் பிரித்து வைக்கிறார்கள். அட்வான்ஸ் கழிக்கப்பட வேண்டியது, அதில் வாதமில்லை. கூரை திருத்துவது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் திருத்தச் சொல்லி முன்கூட்டி அறிவித்து, அவர் செய்யாத பிறகு செலவழித்தால்தான் வாடகையில் கழிப்பது உறுதியாக நிற்கும். ஆசிரியரிடம் தகரக் கடை பில் இருக்கிறது, அறிவித்ததற்கு எழுத்து இல்லை. பாதி ஏற்கப்படுகிறது, 6,000. மின்சாரம் பாவித்தவர் தலையில். கணக்கு 19,000 இல் வந்து நிற்கிறது. இரண்டு தவணை, 9,500 வீதம், இரண்டும் சம்பளம் கிடைத்த கிழமையில். வீட்டுக்காரருக்கு வீடு வேண்டும், மகளுக்குக் கல்யாணம். பாடசாலைத் தவணை முடிந்து விடுமுறையின் முதல் வாரத்தில் சாவி. தவணையும் சாவியும் ஒன்றையொன்று தடுக்கக் கூடாது என்பதைத் தனி வரியாக எழுத வேண்டும். அதை எழுதாத இணக்கங்கள்தான் மறுபடி அதே மேசைக்குத் திரும்பி வருகின்றன.

நீதிமன்றம் அனுப்பாமல் நேரே போய்ச் செய்துகொண்ட இணக்கம் தானாக நீதிமன்றக் கட்டளை ஆகிவிடாது. ஒருவர் மீறினால் மற்றவர் சபைக்கு அறிவித்து, மறுபடி பேசியோ சான்றிதழ் வாங்கியோ நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். இது குறைதான். ஆனாலும் மாவட்ட நீதிமன்றத்தில் தவணை மேல் தவணை போகும் வழக்குச் செலவை நினைத்தால், 19,000 ரூபாய் விவகாரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கையில் காசில்லாமல் வழக்கில் மாட்டிக்கொண்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பேச்சில் அடிக்கடி சிக்குவது, வீட்டைப் பாவிக்க முடியாத மாதங்கள். மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்து, குடும்பம் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கியிருந்த நாட்களுக்கு வாடகை உண்டா? யாருடைய தவறுமின்றி, இயற்கையின் பலாத்காரத்தால் பாவனை தடைப்பட்டால் அந்தக் காலத்துக்கு வாடகையைக் குறைக்கவோ விடவோ ரோமன் டச்சுச் சட்டத்தில் இடமுண்டு. கிராம உத்தியோகத்தரிடம் அந்த நாட்களை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வாங்கி வைத்தால் வாதம் பாதி முடிந்தது. 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது வாடகையை ஏற்றியதும் சம்பளம் ஏறாததும் இந்த வகையில் வராது. அது பொருளாதார நெருக்கடி, அதை வைத்து வாடகையை நிறுத்த முடியாது. பேசித்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று மொழி. மலையகத்து நீதிமன்றங்களில் நடவடிக்கை பெரும்பாலும் சிங்களத்தில். அழைப்பாணை வந்ததும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தாங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்த பிறகு ஓடுகிறவர்கள் உண்டு. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தமிழில் மனுக் கொடுக்கவும் பேசவும் உரிமை தருகிறது, மொழிபெயர்த்துத் தருவது அரசின் பொறுப்பு. கேட்டால்தான் கிடைக்கும், அதனால் முதல் நாளே கேட்க வேண்டும்.

லயக் காம்பரா வாடகை

தோட்டத்துக்குள் போனால் மேலே சொன்ன எதுவும் சரியாகப் பொருந்தாது. லயத்துக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை, வேலையோடு வந்தது. தோட்ட நிர்வாகம் அதற்கு மாத வாடகை வாங்குவதில்லை, குடும்பத்துக்குக் காணி உறுதிப் பத்திரமும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளோடு கொழும்புக்கோ கட்டுநாயக்கவுக்கோ வேலைக்குப் போன குடும்பம் காம்பராவை வேறொருவருக்கு மாதம் மூவாயிரம், நாலாயிரத்துக்கு விடுவது நடக்கிறது. அந்தக் காசு வராமல் போனால் யாரிடம் போவது?

வாடகைக்கு எடுத்துக் குடியிருப்பவர் "இது உன் வீடே இல்லை, உனக்கு எதற்கு வாடகை" என்று கேட்பார். அந்த வாதம் சட்டத்தில் எடுபடாது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரிடம் வாடகைக்கு வந்தவர் குடியிருக்கும்வரை, வாடகைக்கு விட்டவருடைய உரிமையை மறுத்துப் பேச முடியாது. ஆகவே பாக்கியைக் கேட்கலாம், மத்தியஸ்த சபைக்கும் போகலாம். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. விஷயம் வெளியே வந்தால் நிர்வாகம் "விட்டவரும் வேண்டாம், வந்தவரும் வேண்டாம்" என்று காம்பராவையே திருப்பிக் கேட்கலாம். அதனால்தான் இந்தச் சண்டைகள் பெரும்பாலும் தோட்டத் தலைவர் வீட்டுத் திண்ணையிலோ சங்க ஆபீஸிலோ வாய்ப்பேச்சாக முடிகின்றன.

வாய்ப்பேச்சாக முடிவதில் ஆபத்து விட்டுப்போன குடும்பத்துக்குத்தான். 7 பேர்ச்சஸ் காணி, புதிய வீட்டுத் திட்டம் என்று பெயர் பதிய வரும்போது அங்கே குடியிருப்பவர் யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நாலு வருடமாக இன்னொருவர் இருக்கிறார், அவர் பிள்ளைகள் அந்த விலாசத்தில் படிக்கிறார்கள், வாக்காளர் இடாப்பிலும் ஏறிவிட்டார்கள் என்றால் மாதம் மூவாயிரம் பாக்கியைவிடப் பெரிய கேள்வி எழும். தலைவர் முன்னால் பேசியதை ஒரு கொப்பித் தாளில் எழுதி, எவ்வளவு காலத்துக்கு, யாருடைய காம்பரா, எந்தத் திகதியில் திரும்பிக் கொடுப்பது என்று குறித்து, இரண்டு பேரும் சாட்சியும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது குறைந்தபட்சக் காப்பு. நிர்வாகத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் இடையே சந்தேகம் இருக்காது.